மலையில் ஒரு வாய்த் தண்ணீர்

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பகுதிக்குத் தடுப்பூசி போட வந்துகொண்டிருந்த செவிலியர் அவர். ஒரு தோளில் நீல நிற மருந்துப் பெட்டி, இன்னொரு தோளில் வார் வைத்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். பங்குனி வெயிலில் வீடு வீடாகப் படியேறுவார். உட்காருங்கள், மோர் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பாட்டிலை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுவார்.

"இருக்கும்மா. கொண்டாந்திருக்கேன்."

நர்ஸ் அல்லவா, கண்ட தண்ணீரும் குடிக்க மாட்டார் என்று எதிர்வீட்டுச் சித்தி சொல்வார். சித்தி என் கணவருக்கு உறவு; அவர் கூப்பிடுவதைப் பார்த்து நானும் சித்தி என்றே கூப்பிடுகிறேன். சித்தி சொன்னதைத்தான் நானும் நம்பினேன். என் மகளுக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, போகும் இடமெல்லாம் தனி பாட்டிலில் எடுத்துப்போகும் பழக்கம் எனக்கு வந்தது அந்தச் செவிலியரைப் பார்த்துத்தான்.

அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வயதுக்கு அம்மா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். மகளுக்கு நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போட்டபோது ஏற்பட்ட பழக்கம் அது. இரண்டு தொடையிலும் ஊசி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் ஊசியில் குழந்தை வீறிட்டதும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா ஒரு கையால் குழந்தையை வாங்கிக்கொண்டு மறு கையால் தன் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீ தண்ணி குடி. அப்பறம் புள்ளையப் பாக்கலாம்." அந்தத் தண்ணீரை நான் குடித்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிற்பாடு எனக்குள் நடந்த வழக்கில் என் பக்கச் சாட்சியாக நான் பலமுறை நிறுத்திக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான். அவர் தண்ணீரை நான் குடித்திருக்கிறேனே.

என்னைப் போல அவருக்குத் தொல்லை கொடுத்த தாய் கடலூரிலேயே இருந்திருக்க மாட்டாள். காய்ச்சல் என்றால் கூப்பிடுவேன். காய்ச்சல் இல்லையே, ஊசி வேலை செய்யவில்லையோ என்றும் கூப்பிடுவேன். மலத்தின் நிறத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு முறைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை. என் குரலைக் கேட்டதுமே, விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, "தண்ணி குடிச்சியா?" என்பார். நான் நிஜமாகவே போய்க் குடித்துவிட்டு வருவேன். அதற்குள் பாதி பயம் போயிருக்கும். பதற்றப்படும் தாய்மார்கள் எல்லோருக்கும் அவர் தரும் முதல் மருந்து அதுதான். சிரித்துக்கொண்டே, "கவர்மெண்டு ஸ்டாக்குல தீராதது இது ஒண்ணுதான்" என்பார்.

என் மகள் இனியாவுக்கு ஆறு வயதானபோது அக்காவும் நானும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் ஒன்றாக நடக்க ஆரம்பித்திருந்தோம். அது ஒரு சிறு கூட்டம். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தலைவர் மாதிரி. சித்தியும் முட்டிவலிக்காக வருவார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு வேனில் போய் அரை நாள் நடந்துவிட்டு வரலாம் என்று பி.டி. சார் ஏற்பாடு செய்தார். காட்டுக்குள் ஏறி, முகடு வழியாகப் போய், மறுபக்கம் இறங்க வேண்டும். மொத்தம் ஏழு கிலோமீட்டர்.

இதில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறைச் செய்தோம். கடலூரில் மேடு என்று எதுவும் கிடையாது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறினால் அதுதான் எங்களுக்கு மலை. ஆகவே எல்லோரும் அந்த ஏழு கிலோமீட்டரை மைதானச் சுற்றாக மாற்றிக் கணக்குப் போட்டார்கள். தினமும் சுற்றுவதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதானே என்றார்கள். மைதானத்துக்கு யாராவது தண்ணீர் கொண்டுபோவார்களா? பெரும்பாலானவர்கள் கையில் அரை லிட்டர் பாட்டில்தான். பாதி வழியில் ஓடை இருக்கிறது, அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று பி.டி. சார் வேறு சொல்லியிருந்தார். இரண்டு லிட்டர் கொண்டுவந்தவர் அக்கா ஒருவர்தான். நான் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் காய்ச்சிய தண்ணீர் எடுத்துவந்தேன், இனியாவுக்காக.

மலையின் மறுபக்கத்து ஊரிலிருந்து வழிகாட்டியாக ஒருவர் வந்தார். சாமைக் கொல்லையையும் மரவள்ளித் தோட்டத்தையும் தாண்டியதும் காடு தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் பேசிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் ஏறினோம். மூங்கில் புதர்களுக்கு நடுவே குளிர்ச்சியாக இருந்தது. கடுக்காய் மரங்களை வழிகாட்டி தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் இனியாவின் சட்டையை விடவேயில்லை. வழுக்கும், பாம்பு இருக்கும், முள் குத்தும் என்று என்னவோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். "புள்ளைய மலையப் பாக்க விடும்மா. அது உன்னையத்தான் பாத்துக்கிட்டு வருது" என்றார் அக்கா. குழந்தையை வழிகாட்டியோடு முன்னால் அனுப்பிவிட்டு என்னோடு நடந்தார்.

அப்போதுதான் அந்தப் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். இவ்வளவு கனத்தைத் தினமும் சுமப்பது தோள் வலிக்காதா என்றுதான் கேட்டேன்.

அவர் திருவதிகைக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் காலனியில் பிறந்தவர். அந்த வீட்டிலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் ஆள். முதல் வேலை சிதம்பரத்தை அடுத்த ஒரு கிராமத்தில். அங்கே ஒரு வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தையைப் பார்க்கப் போனார். எடை பார்த்தார், தொப்புளைத் துடைத்தார், குழந்தைக்குப் பால் பிடிக்கத் தெரியவில்லை என்று அரை மணி நேரம் உட்கார்ந்து தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். புறப்படும்போது தண்ணீர் கேட்டார். டம்ளரில் கொடுத்தார்கள். தெரு முனைக்குப் போனதும் குடையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினார்.

"கொல்லப்பக்கம் நான் குடிச்ச டம்ளர் தனியா கெடக்குது. மேல நெருப்புத் துண்டு போட்டு வெச்சிருக்காங்க. உள்ள, நான் தொட்ட புள்ளைய அந்தப் பாட்டி மடியில போட்டுக் கொஞ்சிக்கிட்டு இருக்குது. இந்தக் கை புள்ளைக்கு ஆவும், டம்ளருக்கு ஆவாது." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அன்னைலருந்து நம்ம தண்ணி நம்மகிட்ட. யாருகிட்டயும் கேக்குறதில்ல."

நான் பதறிப்போய், இந்த இடத்தில் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். "இப்பல்லாம் அப்படி யாரும் இல்லக்கா."

"ஆமாம்மா. இப்ப பேப்பர் கப் வந்துடுச்சு."

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பேப்பர் கப் பாக்கெட் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை அக்கா வந்தபோது மாமியார் அதில்தான் காபி கொண்டுவந்தார். அக்கா பாட்டிலைத் தட்டிக் காட்டினார். யார் இத்தனை டம்ளரைக் கழுவுவது என்று மாமியார் பிறகு என்னிடம் சொன்னார். அன்று வந்தவர் அக்கா ஒருவர்தான். எனக்கு அது தெரியும். சரி அத்தை என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

முகட்டுக்கு வந்தபோது மணி பத்து. இரண்டு பக்கமும் மலை சரிந்து இறங்க, நடுவில் ஒற்றையடிப் பாதை. மேற்கே மடிப்பு மடிப்பாகக் காடு. கிழக்கே வெளுத்த சமவெளி. எங்கள் ஊர்த் தேவனாம்பட்டினம் பீச் தெரிகிறதா என்று சித்தி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்க்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்போது யாருக்கும் தாகம் பெரிதாகத் தெரியவில்லை. கூட்டத்தில் நான்கு குழந்தைகள் இருந்தார்கள். ஆளுக்கொரு முறை அக்காவிடம் போய் நின்றார்கள். அவர் ஒவ்வொருவரையும் அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றினார். இனியாவுக்கும் இரண்டு முறை ஊற்றினார். அவர் ஊற்றும்போதெல்லாம் என் பாட்டில் பையிலேயே இருந்தது. முகட்டில் நிழல் இல்லை. ஓடைக்கு வந்து சேர்ந்தபோது அதில் கூழாங்கற்கள்தான் இருந்தன. இந்த வருஷம் சீக்கிரமே காய்ந்துவிட்டது என்றார் வழிகாட்டி. கீழே அவர்கள் ஊரில் அடிபம்பு இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் இறங்கினால் போதும் என்றார்.

இறக்கம் தொடங்கிய சிறிது நேரத்தில் அக்காவின் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. ஒரு வேரின்மேல் உட்கார்ந்து காலை நீட்டி அழுத்திவிட்டுக்கொண்டார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், வழிகாட்டியோடு இனியாவும். நான் மட்டும் அவருக்கு எதிரே நின்றேன். அவர் தன் பாட்டிலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு மூடியில் விழுந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கிட்ட ஒரு வாய் தண்ணி இருக்குமாம்மா?"

"இல்லக்கா, தீந்துடுச்சு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. பையில் பாதி பாட்டில் இருந்தது.

"பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. கையை ஊன்றி எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், அதற்குள் எழுந்துவிட்டார்.

பாதை குறுகலாக இருந்ததால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நான் முன்னால், அவர் பின்னால். பத்தடி நடந்ததும் அது எனக்குக் கேட்டது. பாதி நிரம்பிய எவர்சில்வர் பாட்டில். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே தண்ணீர் தளும்பியது. காட்டில் வேறு சத்தமே இல்லை. காற்றில்லை, பறவையில்லை. களக், களக் என்று என் முதுகிலிருந்து அது மட்டும் வந்துகொண்டிருந்தது. மெதுவாக நடந்து பார்த்தேன். பையை முன்பக்கம் திருப்பிக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்போதும் தளும்பியது. அந்த நேரத்தில் நின்று, பாட்டிலை எடுத்து, 'பொய் சொல்லிட்டேங்க்கா, இந்தாங்க' என்று கொடுத்திருக்கலாம். ஒன்றரை மணி நேரம் எனக்கு அவகாசம் இருந்தது. அடுத்த திருப்பத்தில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்தத் திருப்பம் வந்ததும் இனிமேல் கொடுத்தால் அசிங்கம் என்று நினைத்தேன். பின்னால் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். இடையில் இரண்டு முறை உட்கார்ந்தார். நானும் நின்றேன். நான் நின்றதும் அந்தச் சத்தமும் நின்றது.

அடிபம்புக்கு வந்ததும் வழிகாட்டி அடிக்க, அக்கா குனிந்து இரண்டு கையாலும் ஏந்தி நெடுநேரம் குடித்தார். பிறகு பாட்டிலை நிரப்பிக்கொண்டு வேனில் ஏறினார். எல்லோரும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினார், அல்லது கண்ணை மூடியிருந்தார். இனியா வழிகாட்டி பறித்துக் கொடுத்த நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே இறங்கியிருந்தாள். தாகமே இல்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்தப் பாதி பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன்.

நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அக்கா என்னிடம் முகம் திருப்பவில்லை. மறுநாள் மைதானத்தில் கால்வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன், தேவலாம்மா என்றார். இனியாவுக்குச் சளி பிடித்தபோது என் மாமியார் அவருக்குப் போன் செய்திருக்கிறார். வழக்கம்போல் பதில் சொல்லியிருக்கிறார். நான்தான் கூப்பிடுவதை நிறுத்தினேன். அந்த "தண்ணி குடிச்சியா"வை என்னால் கேட்க முடியாது என்று தோன்றியது. நடக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். நான்கு மாதத்தில் அவருக்குச் சிதம்பரம் பக்கம் மாற்றலாகிவிட்டது. பிரிவு உபசாரம் என்று மைதானத்தில் எல்லோரும் சால்வை போட்டார்களாம். நான் போகவில்லை. மகளுக்குப் பரீட்சை என்று சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பரீட்சை.

என் கணவரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். "காட்டு வழி, கைல கொழந்த. எந்தத் தாயும் அதத்தான் செஞ்சிருப்பா. நீதான் எதையும் ரொம்ப யோசிப்ப" என்றார். எனக்கு அப்படியே ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் ஒன்றை நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் அதை இவ்வளவு நேரம் சொல்லாமலே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முகட்டில், அக்கா கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, சித்தி பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எனக்கு ஒரு மடக்குக் கொடு என்றார். நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். "பாப்பாவுக்கு வேணும் சித்தி, ஒரே ஒரு வாய்" என்று சொல்லி நானே அவர் வாயில் ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் யார் பாட்டிலையும் யாரும் உதட்டில் வைத்துக் குடிப்பதில்லை, அண்ணாந்துதான். அக்காவும் அண்ணாந்துதான் குடித்திருப்பார். ஆக எச்சில் என்றும் சொல்ல முடியாது. சித்தியிடம் எவ்வளவு சுலபமாக உண்மையைச் சொன்னேன். அக்காவிடம் பொய் ஏன் அவ்வளவு வேகமாக வந்தது?

இதற்கு நான் பல பதில்கள் வைத்திருந்தேன். அப்போது ஓடை இருக்கிறது என்று நம்பியிருந்தேன், பிறகு ஓடை இல்லை. அப்போது பாட்டில் நிறைய இருந்தது, ஓடைக்கு வருவதற்குள் இனியாவும் நானும் குடித்து, பிறகு பாதிதான். பயம் கூடியிருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் தினமும் ஏதாவது வேலையின் நடுவே அந்த இரண்டு வாய்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்றில் ஊற்றுகிறேன். இன்னொன்றுக்கு இல்லை என்கிறேன். சித்திக்கு ஊற்றியபோது அக்கா சற்றுத் தள்ளிப் பிள்ளைகளோடு இருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. பார்த்திருக்க மாட்டார் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல். பார்க்காதவரையில், தாய்மைப் பயத்தில் சொன்ன பொய்யை அவர் அந்த டம்ளரோடு சேர்த்துத் தப்பாக நினைத்துவிட்டிருப்பார், போய் விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

என் அம்மா வீடு சிதம்பரம். போன மாதம் அங்கே போயிருந்தபோது, விசாரித்துக்கொண்டு அவர் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். புதன்கிழமை, தடுப்பூசி நாள். வெளியே வேப்பமரத்தடி வரை தாய்மார்கள். உள்ளே ஒன்றையடுத்து ஒன்றாகக் குழந்தைகளின் அலறல். அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னார். பாப்பா எத்தனாவது, பல் விழுந்துவிட்டதா, சாப்பிடுகிறாளா என்று குழந்தைகளின் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார். நீ இளைத்துவிட்டாய் என்றார். கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு மலையில எங்கிட்ட தண்ணி இருந்துச்சுக்கா."

"தெரியும்மா" என்றார். எழுதும் கை நிற்கவில்லை.

"பாப்பாவுக்குன்னு வெச்சிருந்தேன். அவ்வளவுதாங்க்கா. வேற எதுவும் மனசுல இல்ல."

அவர் தேதியைப் போட்டு, அட்டையை மூடி, எதிரே நின்ற பெண்ணிடம் கொடுத்து அனுப்பினார். அடுத்த அட்டையை எடுத்தார். திறக்கவில்லை.

"பாப்பாவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேணாம்னு இருப்பேனே. நான் தூக்கித் திரிஞ்ச புள்ள அது."

அட்டையின் மடங்கிய முனையை விரலால் நீவிவிட்டார்.

"நான் யாருகிட்டயும் கேக்குறவ இல்ல, உனக்கே தெரியும். மேல பாறையில உங்க சித்திக்கு நீ ஊத்துனதப் பாத்தேன். சரி, இந்தப் பொண்ணுகிட்ட கேக்கலாம்னு தோணுச்சு. அதான் கேட்டேன்."

குரலில் கோபம் இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கும், தேய்க்கக் கூடாது என்று தாய்மார்களிடம் சொல்வாரே, அந்தக் குரல். அவர் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார், நான் திருத்த வேண்டும் என்று அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் தப்பாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. ஓடை, வெயில், பாதி பாட்டில் என்று நான் கொண்டுபோயிருந்த பதில்களில் ஒன்றுகூட அவர் சொன்னதற்குப் பொருந்தவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால், பரவாயில்லை என்று அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவரிடமிருந்தே வாங்கிக்கொண்டு வருவதா?

வாசலில் ஒல்லியான ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். முதல் குழந்தை போலிருக்கிறது. ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்தாள்.

"நீ கொஞ்சம் எந்திரிச்சுக்கம்மா" என்றார் அக்கா என்னிடம். "அந்தப் பொண்ணு உக்காரட்டும்."

எழுந்து இடம் விட்டேன்.